முப்பத்துநான்காம் பக்கத்து நாரை

எடிசன், நியூ ஜெர்சி
14 ஜூன் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யோபு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான், செல்லக்கனி, பையன் மூவரும் சுகம். உங்கள் சர்க்கரை இப்போது எவ்வளவில் நிற்கிறது? முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா?

மெயில் போட்டால் உங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெத்தணன் அதைப் பிரிண்ட் எடுத்து, கட்டிங் மிஷின் ஆள் வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் உங்கள் மேசைக்கு வருகிறது என்று போன தடவை திட்டினீர்கள். போனில் கூப்பிட்டால், அத்தான் போனதிலிருந்து நீங்கள் ‘ம்’ என்பதற்கு மேல் பேசுவதில்லை. அதனால் பழையபடி தபால் தலைக்கு எச்சில் தொடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நானும் சங்கிலிமுத்துவும் சேர்ந்து நடத்தும் ‘வைப்பாறு டாட் காம்’ உங்களுக்குத் தெரியும். அச்சுப் புத்தகத்தைக் கப்பலில் ஏற்றிக் கட்டுப்படியாகவில்லை. இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து மின்னூல்தான். பணம் கட்டியதும் கம்ப்யூட்டரில் புத்தகம் வந்து விழும். தாள் கிடையாது, பைண்டிங் கிடையாது, தபால் செலவு கிடையாது. அதனால் எல்லாப் புத்தகமும் ஒரே விலை, இரண்டு டாலர். அத்தானுடைய ‘வெம்பக்கோட்டைப் பறவைகள்’ புத்தகத்தையும் அதில் போட ஆசைப்படுகிறேன். அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி அவளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, கவனித்தீர்களா?

அன்புடன்,
யோபு


சிவகாசி
3 ஜூலை 2009

தம்பி யோபுவுக்கு அக்கா எழுதுவது.

நலம். சர்க்கரை இருக்கிற இடத்தில் இருக்கிறது. முழங்காலுக்காக மாடியை விட்டுக் கீழ் அறைக்கு வந்துவிட்டேன். மாடியில் அவருடைய சாமான்கள் இருக்கின்றன. செல்லக்கனியையும் பையனையும் விசாரித்ததாகச் சொல்.

அவளைப் பற்றி எழுதவில்லை என்று எழுதுவதும் எழுதுவதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், நர்ஸ் படிப்பை முடித்த கையோடு, நாரணாபுரம் முனியராஜோடு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாளே, அன்றைக்கே எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் அத்தான் சாவுக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். அடக்கம் முடிந்த பிறகு நீ சொல்லிவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

புத்தக விஷயம். விருதுநகர் ரத்தினசாமி அண்ணாச்சி போன வாரம் அச்சகத்துக்கு வந்திருந்தார். அவருடைய சமையல் புத்தகத்தை உங்கள் கடையில்தான் இரண்டு டாலருக்கு விற்றீர்களாமே. “ஏம்மா, ஒருத்தன் வாங்கி நூறு பேருக்கு அனுப்பிட்டான். சிங்கப்பூர் கடையில என் அச்சுப் புத்தகம் அப்படியே கெடக்கு. வெலையைக் கூட்டுங்கன்னு எம்புட்டோ சொன்னேன். அதுக்கு அவுக, எங்க வெலைக்கு ஒத்துவராட்டி எடுத்துருவோம்னு சொல்லிப் புத்தகத்தையே தூக்கிட்டாக” என்று சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நீங்கள் தாராளமாக ஊற்றுகிறீர்கள்.

தாளுக்குத்தான் விலை என்று உனக்கு யார் சொன்னது? உன் அத்தான் பதினோரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டை அணைக்குப் போனார். அவருடைய பள்ளிக்கூடத்து மற்ற வாத்தியார்கள் ட்யூஷன் எடுத்த நேரம் அது. அதில் தாள் செலவு ஏது, பைண்டிங் ஏது?

யார் தேடுகிறார்கள் அந்தப் புத்தகத்தை? ஆயிரம் அடித்ததில் அறுநூறு கட்டிங் மிஷினுக்குப் பின்னால் கிடக்கிறது. வேண்டுமென்றால் வந்து அள்ளிக்கொண்டு போகச் சொல்.

ஜாஸ்பின்


எடிசன்
21 ஜூலை 2009

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பையனுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. கூரை மேல் எறிய வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, அவனுடைய டீச்சர் எங்களை ஒருமாதிரி பார்த்தார். உங்களுக்கு மருந்து மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறதா?

ரத்தினசாமி அண்ணாச்சி விஷயத்தில் தப்பு எங்கள் பக்கம்தான். சங்கிலிமுத்து அவசரக்காரன். ஆனால் இது எங்கள் கடையில் மட்டும் நடக்கிற சண்டை இல்லை. இங்கே பெரிய இணையக் கடை ஒன்று புதுப் புத்தகங்களுக்கெல்லாம் பத்து டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக விலை போட்டு விற்கிறது. பதிப்பகங்கள் குய்யோ முறையோ என்கின்றன. பொருள் யாருடையதோ அவர் விலை வைப்பதா, விற்கிறவர் வைப்பதா என்பதுதான் கேள்வி. அங்கே கோடிக்கணக்கில் சண்டை. இங்கே அக்காவும் தம்பியும்.

எனக்கு அத்தான் புத்தகம் வேண்டும் அக்கா. எந்த நிபந்தனை வேண்டுமானாலும் போடுங்கள். சங்கிலிமுத்துவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

யோபு


சிவகாசி
10 ஆகஸ்ட் 2009

தம்பிக்கு,

நலம். பல்லைக் கூரையில் எறிந்தால்தான் முளைக்குமா என்ன. மாத்திரை கிடைக்கிறது.

யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் எனக்கு எதிலும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தோன்றுவதில்லை. துக்கம் என்று சொல்லவும் வரவில்லை. ரொம்ப நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்த கால் மாதிரி இருக்கிறது. நீ கேட்கிறாய், கொடுக்கிறேன்.

நிபந்தனை இதுதான். விலையை நாங்கள்தான் வைப்போம். கரைவெளி பதிப்பகத்தின் முத்திரையும் என் கையெழுத்தும் உள்ள கடிதம் தபாலில் வராமல் ஒரு பைசா குறைக்கக் கூடாது, கூட்டக் கூடாது. புத்தகத்துக்குள் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. பதிப்பகம் உன் அத்தானுடையது. அவர் இருந்திருந்தால் இன்னும் கறாராக எழுதியிருப்பார்.

வெளிநாட்டுக்கு இருநூற்றைம்பது ரூபாய் என்று வைத்திருக்கிறேன். உன் படிவத்தை நிரப்பி, புத்தகக் கோப்பையும் அனுப்பச் சொல்லிப் பெத்தணனிடம் கொடுத்திருக்கிறேன். தீபாவளி சீசன் ஆர்டர் நெரிகிறது. முப்பத்தெட்டுக் கம்பெனி விலைப்பட்டியல் வேலை இருக்கிறது. அவன் ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டர் முன்னால்தான். இடையில் செய்து அனுப்புவான்.

ஒப்பந்தம் இரண்டு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஜாஸ்பின்


எடிசன்
19 செப்டம்பர் 2009

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் விசாரிக்கிறேன், ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் கோபமாக.

என்னக்கா இது, ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாயா? நான் ஊரில் இல்லாத நேரத்தில் பெத்தணன் அனுப்பிய படிவத்தை அப்படியே ஏற்றிவிட்டார்கள். இருபத்தாறு டாலர்! எண்பத்தெட்டுப் பக்கப் பறவைப் புத்தகம். சங்கிலிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கோபப்பட்டான்.

பெத்தணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவன் சாவகாசமாகச் சொல்கிறான்: “அண்ணே, அம்மா எரநூத்தம்பதுன்னாக. நீங்க கடைக்காரவுக, எப்படியும் எம்பது பெர்சன்ட் தள்ளுபடி போட்டுத்தான விப்பீக? ஆயிரத்தி எரநூத்தம்பதுல எம்பது போனா கரெக்டா எரநூத்தம்பது. நம்ம பட்டாசு லிஸ்ட்டு பூரா அப்படித்தானண்ணே போடுவோம். உள்ள வெலையப் போட்டா எவன் வாங்குவான்?”

முப்பத்தெட்டுப் பட்டாசுக் கம்பெனிக்கு விலை போட்ட கை, முப்பத்தொன்பதாவதாக அத்தானுக்கும் போட்டுவிட்டது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சின்ன வயதில் நானும் அந்தப் பட்டியல்களை அடுக்கிக் கட்டியவன்தான்.

நானாகக் குறைக்கலாம் என்றால் உங்கள் ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. நீங்கள் போட்ட பூட்டு, சாவியும் உங்களிடம். உடனே ஒரு கடிதம் அனுப்புங்கள், ஐந்து டாலராக்கிவிடுகிறேன்.

இன்னொன்று. முதல் பக்கத்தில் அத்தான் பெயருக்குக் கீழே ‘படங்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. பெத்தணன் 2004ஆம் வருஷக் கோப்பையே அனுப்பியிருக்கிறான். பார்த்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யோபு


சிவகாசி
9 அக்டோபர் 2009

தம்பிக்கு,

நலம். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். கடைசி லோடு நேற்றுப் போயிற்று. அச்சகம் அமைதியாகிவிட்டது. மிஷின் ஓடாதபோது வீட்டுக்குள் சத்தமே இல்லை.

பெத்தணன் வந்து நின்றான். “தெரியாமப் பண்ணிட்டேம்மா” என்றான். போய் வேலையைப் பார் என்றேன்.

விலை அப்படியே இருக்கட்டும். கடிதம் அனுப்பப் போவதில்லை. இங்கே அறுநூறு விற்காமல் கிடக்கிறது, அங்கே ஒன்று விற்காமல் கிடந்தால் என்ன. இரண்டு டாலருக்கு விற்று, ரத்தினசாமி அண்ணாச்சி புத்தகம் மாதிரி சந்தி சிரிப்பதைவிட இது மேல்.

ஆனால் அந்த வரியை எடுத்துவிடு. அச்சுப் பிரதிகளில் 2005லேயே அதன் மேல் வெள்ளைப் பட்டை ஒட்டியாயிற்று. காலண்டரில் லீவு நாள் தப்பாக விழுந்தால் ஒட்டுவோமே, அந்த மாதிரி. பைண்டிங் வேலை பார்க்கும் பாண்டிச்செல்வியும் வள்ளித்தாயும் மைதாப் பசை காய்ச்சி, இரண்டு நாளில் அறுநூறையும் முடித்தார்கள். உன் அத்தான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தார். மூன்றாம் நாள் பசை காய்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். காய்ந்துவிட்டது என்றேன்.

அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜாஸ்பின்


எடிசன்
1 நவம்பர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். குளிர் தொடங்கிவிட்டது. அங்கே மழை எப்படி? வைப்பாற்றில் தண்ணீர் வந்ததா?

அந்த வரியை என்னால் எடுக்க முடியாது. ‘புத்தகத்துக்குள் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது’ என்று நீங்கள் முத்திரை குத்தி அனுப்பியது என் மேசை மேல் இருக்கிறது. விலை பதிப்பாளருடையது என்றால், பெயரும் பதிப்பாளருடையதுதான். கடைக்காரன் கைவைக்க மாட்டான். எடுக்க வேண்டும் என்றால், எந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்று உங்கள் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எடுத்துவிடுகிறேன்.

அக்காவோடு மல்லுக்கட்டுவதாக நினைக்காதீர்கள். நீங்கள் அத்தான் பக்கத்தில் இருந்தீர்கள். நான் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, அடக்கம் முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காகச் செய்தேன். அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கியதில்லை. இதை ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது, எழுதிவிட்டேன்.

ஒரு செய்தி. புத்தகம் ஒரு பிரதி விற்றிருக்கிறது. முழு விலைக்கு, இருபத்தாறு டாலருக்கு. வாங்கியது நியூசிலாந்திலிருந்து.

யோபு


சிவகாசி
17 நவம்பர் 2009

தம்பிக்கு,

வாங்கியது யார்?

பதிப்பாளருக்குத் தெரிய வேண்டும். விருதுநகர் கடையில் ஒரு பிரதி விற்றால்கூட யார் வாங்கினார் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். நீங்கள் மட்டும் விற்ற கணக்கைத் தருகிறீர்கள், ஆளைச் சொல்வதில்லை.

நியூசிலாந்து எங்கே இருக்கிறது என்று பெத்தணனிடம் கேட்டேன். “ஆஸ்திரேலியாவுக்கு அங்கிட்டும்மா, கடலுக்குள்ள. நமக்கு விடியும் முன்னாலயே அங்கன மத்தியானம் ஆயிருமாம்” என்றான். பிறகு ஏன் கேட்கிறேன் என்று கேட்டான். ஒரு ஆர்டர் என்றேன்.

மழை சுமார். தண்ணீர் வந்திருக்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பெயரை எழுது.

ஜாஸ்பின்


எடிசன்
4 டிசம்பர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தபால் தாமதமாகலாம். உங்கள் கடிதத்தில் ‘நலம்’ என்ற சொல்கூட இல்லை. இப்படி நீங்கள் எழுதியதே இல்லை, அதனால் உடம்புக்கு ஏதாவதா என்று பயந்தேன்.

வாங்கியவர் பெயரை நான் சொல்லக் கூடாது அக்கா. இது நான் புதிதாகக் கண்டுபிடித்த சாக்கு இல்லை, எங்கள் கடையின் சட்டம். வாங்குகிறவர் எங்களை நம்பித்தான் பெயரையும் முகவரியையும் தருகிறார். இங்கே பெரிய பதிப்பகங்களுக்கும் பெரிய கடைக்கும் இதிலும் தகராறுதான். வாசகர் யாருடையவர் என்று.

ஆனால் சொல்லக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

என் கடையில் யார் என்ன தேடினார்கள் என்பது பதிவாகும். பெயர் வராது, ஊர் வரும். போன வருஷம் அக்டோபரிலிருந்து, அதாவது அத்தான் இறந்த மாதத்திலிருந்து, நியூசிலாந்தில் இருக்கிற யாரோ ஒருவர் வாரம் தவறாமல் ‘வெம்பக்கோட்டை’ என்று தட்டித் தேடியிருக்கிறார். ‘இல்லை’ என்று பதில் போயிருக்கிறது. மறு வாரம் மறுபடியும். எட்டு மாதம் இப்படி. அதைப் பார்த்துத்தான் ஜூனில் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதினேனே, அது ஒரே ஒரு ஆள்தான். புத்தகம் வந்துவிட்டது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. தேடித்தான் வந்திருக்கிறார்.

விற்ற பிறகு சங்கிலிமுத்து, விலை தவறாகப் பதிவாகிவிட்டது, அதிகப்படியைத் திருப்பித் தருகிறோம் என்று அவருக்கு எழுதினான். அதற்கு வந்த பதிலை அப்படியே கீழே எழுதுகிறேன். பதிப்பாளருக்குப் பிழை சொல்லி வந்த குறிப்பு என்பதால் இது உங்களுக்குச் சேர வேண்டியது.

‘34ஆம் பக்கத்தில் நத்தைக்குத்தி நாரைப் படம் இடவலம் மாறி வந்திருக்கிறது. அந்த நாரை தண்ணீரைப் பார்த்து நிற்காது. கரையைப் பார்த்து நிற்கும். கரையில் ஆள் நின்றது. அடுத்த பதிப்பில் திருத்தவும். முதல் பக்கத்தில் பெயர் இருக்கிறது. இருக்கும் என்று நினைக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். விலை அதிகமில்லை.’

அவ்வளவுதான் அக்கா.

யோபு


எடிசன்
3 பிப்ரவரி 2010

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போன் போட்டபோதும் ‘ம்’ மட்டும்தான். புத்தாண்டு ஆராதனைக்குப் போனீர்களா என்று கேட்டதற்கும் ‘ம்’.

போன வாரம் பெத்தணனைப் பிடித்துக் கேட்டேன். “அம்மா நல்லாத்தான் இருக்காகண்ணே. சாப்பிடுறாக, கணக்குப் பாக்குறாக. பொழுது சாஞ்சதும் கட்டிங் மிஷினுக்குப் பின்னால போயி, புத்தகக் கட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்துருதாக. கிண்ணத்துல தண்ணியும் பஞ்சும் வச்சிருக்காக. என்னம்மா செய்யிறீகன்னு கேட்டா, ஒன் சோலியப் பாருலேங்கிறாக” என்றான்.

இங்கே பெரிய சண்டை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. ஒரு பதிப்பகம் விலைக்கு ஒத்துவரவில்லை என்று, அந்தப் பெரிய கடை அவர்கள் புத்தகங்களுக்கெல்லாம் ‘வாங்கு’ என்கிற பொத்தானையே எடுத்துவிட்டது. நாங்கள் ரத்தினசாமி அண்ணாச்சிக்குச் செய்த அதே வேலை. கடைக்காரர்கள் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். பிறகு பதிப்பகம் சொன்ன விலைக்கே விற்கிறோம் என்று கடை இறங்கி வந்தது. அண்ணாச்சி புத்தகத்தை நாங்களும் அவர் சொன்ன விலைக்கே மறுபடி வைத்துவிட்டோம். இறங்கி வந்ததில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை அக்கா.

ஒரு வரி எழுதுங்கள்.

யோபு


சிவகாசி
22 பிப்ரவரி 2010

தம்பி யோபுவுக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். நீ, செல்லக்கனி, பையன் நலமாக இருக்க வேண்டும். பையனுக்குப் பல் முளைத்துவிட்டதா? முன்னர் கேட்க விட்டுப்போயிற்று.

பதிப்பக விஷயமாகச் சில செய்திகள்.

34ஆம் பக்கத்துப் படத்தைப் பார்த்தேன். பிழை உண்மைதான். கோப்பில் அந்தப் படம் மட்டும் கெட்டுப்போயிருந்ததாம். பழைய ஃபிலிமை எடுத்த பெத்தணன் அதைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்துவிட்டான். அச்சுப் பிரதியில் படம் சரியாகத்தான் இருக்கிறது. இங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நாரை எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று இருந்திருப்பேன். போன சனிக்கிழமை பெத்தணனுடைய வண்டியில் அணைக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவரோடு நான் போனதில்லை. வெயில், என்ன இருக்கிறது அங்கே என்பேன். சனிக்கிழமை தண்ணீர் கிடந்தது. நாரை ஏழெட்டு நின்றது. கரையில் நாங்கள் நிற்கவும் எல்லாம் எங்களைப் பார்த்துத்தான் நின்றன. பறக்கலாமா வேண்டாமா என்று பார்த்திருக்கும். திருத்திய கோப்பைப் பெத்தணன் அனுப்புவான். முதல் பக்கத்தை அவன் தொட மாட்டான், சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, விலை. இதோடு முத்திரையும் கையெழுத்தும் வைத்த கடிதம் இருக்கிறது. இருநூற்றைம்பது ரூபாய். தள்ளுபடி எதுவும் கிடையாது. உள்ள விலை அதுதான்.

மூன்றாவது, எங்கள் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில், அச்சுக் குறை உள்ள பிரதியைக் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும் என்று ஒரு வரி உண்டு. உன் அத்தான் போட்டது. இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லை. இப்போது ஒரு வாசகர் பிழை சொல்லியிருக்கிறார். முறைப்படி மாற்றுப் பிரதி அனுப்ப வேண்டியது பதிப்பகத்தின் கடமை. அதற்காக ஒரு அச்சுப் பிரதியை உனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முகவரியை நீயே எழுதி அனுப்பிவிடு. உன் கடைச் சட்டத்தை மீறி எனக்குச் சொல்ல வேண்டாம். விலை என்ன என்று கேட்டால், மாற்றுப் பிரதிக்கு விலை கிடையாது என்று சொல்.

அந்தப் பிரதி பற்றி ஒரு விளக்கம். முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டையை எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தொட்டு உரித்தேன். முதல் பிரதியில் தாள் கிழிந்தது. வெந்நீர் ஆவியில் காட்டிப் பார்த்தேன், அதில் பக்கமே சுருண்டுவிட்டது. பாண்டிச்செல்வியை வரச் சொல்லிக் கேட்டேன். “நம்ம மைதாப் பசை விடாதும்மா. அன்னைக்கு நீங்கதான நல்லாக் கெட்டியாக் காய்ச்சச் சொன்னீக” என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன்.

இருபத்திரண்டு பிரதி பார்த்துவிட்டேன். இருபத்து மூன்றாவதில் தாள் கிழியாமல் பட்டை முழுதாக வந்தது. ஆனால் அந்த வரியின் மையும் பட்டையோடு சேர்ந்து வந்துவிட்டது. தாளில் ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாவுக்கு வராத அழுகை அன்றைக்கு வந்தது. பெத்தணன் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு பேனாவை எடுத்து, இருந்த இடத்தில் இருந்தபடியே கையால் எழுதிவிட்டேன்.

படங்கள்: கா. பியூலா.

எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. யார் எழுதியது என்று நீ எதுவும் சொல்ல வேண்டாம். முதல் வகுப்பில் சிலேட்டில் கைபிடித்து எழுதிக்கொடுத்தவள் நான்தான், என் எழுத்து அவளுக்குத் தெரியும்.

அக்கா,
ஜாஸ்பின்